காளியாயியின் கீழுதடு

பெயர் காளியாயி. பிறந்தது வட்டவளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், 1918ஆம் ஆண்டு புரட்டாசி மாதத்தில். 1936இல் சோலைமலைக்கு வாழ்க்கைப்பட்டு, வட்டகொடை ஸ்டேஷனுக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தின் மேல்பிரிவான மேற்கணக்குக்கு வந்தாள். குடியிருந்தது ஏழாம் நம்பர் லயத்தில், ஒட்டிக் கட்டிய அறைவரிசையில், நான்காவது காம்பரா. பெற்ற பிள்ளைகள் மூன்று. தங்கியது மீனம்மா ஒருத்தி. வேலை, கொழுந்து பறிப்பது.

1951 ஐப்பசி மழையில், நிறைந்த கூடையோடு ஒரு வடிகால் கானைத் தாண்டும்போது கால் சறுக்கி முகங்குப்புற விழுந்தாள். மேல்வரிசை முன்பல் ஒன்றின் முனை உடைந்தது. கீழுதட்டின் உட்புறம், இடது பக்கத்தில், அந்தப் பல் பதிந்து கிழிந்தது. கிழிசல் ஆறிவிட்டது. ஆனால் அடுத்த தை மாதத்தில் அதே இடத்தில் ஒரு கொப்புளம் எழும்பியது. வெந்த ஜவ்வரிசி அளவு. அதைப் போலவே உள்ளே வெளிறிய நிறம். வலி இல்லை. சில நாளில் தானாக உடைந்து, கொழகொழவென்று நீர் வடிந்து, இருந்த சுவடே தெரியாமல் அமுங்கிற்று. பிறகு மறுபடியும் வந்தது. இப்படி வருவதும் போவதுமாக நான்கு ஆண்டுகள்.

இவ்வளவும் ஐயத்துக்கு இடமில்லாத செய்திகள். இதற்குப் பின் நடந்தவற்றுக்கு ஆளுக்கொரு நியாயம் சொல்வார்கள். நடந்த வரிசையிலேயே அவற்றைச் சொல்வது நல்லது.

அந்தக் கொப்புளத்தைப் பற்றிக் காளியாயி ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை, புருஷனிடம்கூட. காரணம் இருந்தது. சில வருஷங்களுக்கு முன், அதே லயத்தின் கடைசிக் காம்பராவில் இருந்த ஒருத்திக்கு வாயோரத்தில் ஆறாத புண் வந்தது. ஒரு நாள் காலையில் தோட்டத்து லொறி வந்து அவளை ஏற்றிக்கொண்டு போயிற்று. என்ன நோய் என்று யாரும் சொல்லவில்லை. அவள் திரும்பவும் இல்லை. காம்பராவுக்குச் சுண்ணாம்பு அடித்துப் பூட்டினார்கள். அவளுடைய பிள்ளைகள் பீலிக்குத் தண்ணீர் பிடிக்க வந்தால், மற்றப் பெண்கள் தங்கள் குடங்களைத் தூரமாய் நகர்த்தி வைத்தார்கள். அன்றுமுதல் அந்த லயத்தில் யாரும் ஆறாத புண்ணை வெளியில் காட்டியதில்லை. 1956 பிறந்தபோது மீனம்மாவுக்கு வேறு இறம்பொடையிலிருந்து ஒரு சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

மறைப்பதற்கு அவள் பழகியிருந்தாள். வாயோரத்தில் எப்போதும் வெற்றிலை இருக்கும். சிரித்தால் கை உதட்டுக்குப் போகும். அவளுக்கே தெரியாத ஒரு பழக்கமும் இருந்தது. மனம் கலங்கினால், உடைந்த பல் தானாகக் கீழிறங்கி அந்த இடத்தை உரசிக் கவ்வும். மட்டமான கொழுந்து என்று கணக்கப்பிள்ளை கூடையைக் கிளறினால் கவ்வும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் கவ்வும்.

1956 மாசி மாதத்தில், ஏழாம் நம்பர் லயத்துக் கூரைத் தகரங்கள் ஒழுகுவதைப் பற்றிப் பேச, தொழிற்சங்கக் கமிட்டி ரகசியமாகக் கூடியது. கூடிய இடம் இராமையாவின் காம்பரா. இராமையா கமிட்டித் தலைவர். நான்காவது காம்பராவுக்கு எதிர்வரிசையில் இருந்தவர். அவருடைய மனைவி ராசம்மா, காளியாயியைவிட மூத்தவள். இருவரும் ஒரே மலையில் அடுத்தடுத்த நிரையில் கொழுந்து எடுப்பவர்கள். தகரம் மாற்றாவிட்டால் யாரும் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போவதில்லை என்று அன்றைக்கு முடிவாயிற்று.

அதே மாலையில் காளியாயி தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போனாள். கொப்புளம் அன்று காலைதான் உடைந்திருந்தது. இந்த முறை இடம் புண்ணாகி எரிந்தது. டிஸ்பென்சரிக்குப் போகும் பாதை, தோட்டத்தை நடத்தும் துரையின் ஆளான கணக்கப்பிள்ளை முத்துலிங்கத்தின் வீட்டு வேலியோரமாகத்தான் போகும்.

டிஸ்பென்சர் பத்திநாதன் உதட்டைப் புரட்டிப் பார்த்தார். வெள்ளைச் சட்டை போட்ட, அதிர்ந்து பேசாத கத்தோலிக்கர். தோட்டத்தில் எல்லோருக்கும் அவர் டொக்டர் ஐயா.

"இத வச்சுக்கிட்டு நாலு வருசமா பயந்துகிட்டு இருந்தியா? இது பெரிய வியாதியும் இல்ல, தொத்து வியாதியும் இல்ல. ஒதட்டுக்குள்ள எச்சி ஊறுற எடம் அடிபட்டு அடைச்சிருக்கு. அதான் வீங்குது. நீ சும்மா சும்மா கடிக்கிறதுல திரும்பத் திரும்ப வருது."

"நான் எங்கங்கையா கடிக்கிறேன்?"

"இப்பக்கூடக் கடிச்சுக்கிட்டுத்தான் நிக்கிறே." அவர் லேசாகச் சிரித்தார். "நுவரெலியா பெரியாஸ்பத்திரிக்குத் துண்டு எழுதித் தாரேன். கத்தி வச்சு எடுத்துருவாங்க. அரை மணி நேர வேலை."

"கத்தியா? வேணாங்கையா. தடவுறதுக்கு ஏதாச்சும் தாங்க."

புண்ணில் சீழ் பிடிக்காமல் இருக்க அவர் ஊதா மருந்தைத் தொட்டு வைத்தார். அது எச்சிலோடு கலந்து வழிந்தது. காளியாயி முந்தானையால் துடைத்தாள். வரும் வழியில் வெற்றிலையை நன்றாக மென்று, உதட்டின் ஊதாவைச் சிவப்பாக்கிக்கொண்டு வீடு சேர்ந்தாள்.

மறுநாள் காலை பீலியில் ராசம்மாவின் கண் அந்த முந்தானையில் விழுந்தது.

"என்னாடி இது, முந்தானையில ஊதாப்பூ பூத்திருக்கு? சோலைமலை தம்பி மைப்போத்தல் வாங்கிக் குடுத்து ராவுல எழுத்துப் படிச்சுக் குடுக்குதா?"

பெண்கள் குடத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள். காளியாயியும் சிரித்தாள். கறை தெரியாதபடி முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். அவர்கள் இருவரும் சேர்ந்து சிரித்தது அதுவே கடைசி.

அன்று பகலே இராமையாவை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். கமிட்டியில் யார் யார் இருந்தார்கள், என்ன முடிவெடுத்தார்கள் என்பதெல்லாம் துரைக்குத் தெரிந்திருந்தது. இராமையாவின் கையில் பத்துச்சீட்டைக் கொடுத்தார்கள். வேலையும் இல்லை, காம்பராவும் இல்லை, குடும்பத்தோடு வெளியேற வேண்டும் என்பது அந்தச் சீட்டின் பொருள்.

யார் காட்டிக்கொடுத்தது? லயம் முழுவதும் இதே கேள்விதான். முதல்நாள் மாலை காளியாயி கணக்கப்பிள்ளை வீட்டுப் பக்கம் போனதைக் கண்டதாக ஒருவர் சொன்னார். ராசம்மா வந்து வாசலில் நின்று கேட்டாள்.

"எதுக்குப் போனே?"

"மீனாவுக்கு இருமல் மருந்து வாங்கக்கா."

அந்த ஒரு பொய்தான் அவளைப் பிடித்துக்கொடுத்தது. மீனம்மா அந்த மாதம் முழுவதும் ஒரு முறைகூட இருமவில்லை. அது சுவருக்கு அந்தப்பக்கம் இருந்தவர்களுக்கெல்லாம் தெரியும்.

மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியிருந்த நேரம். ராசம்மா கோயிலில் போய் முறையிட்டாள். காளியாயி சூடம் அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும் என்றாள். அந்தத் தோட்டத்தில் அதற்கென்று ஒரு கட்டுமுறை இருந்தது. எரியும் சூடத்தை உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் சொல்ல வேண்டும். அதன்பின் திருவிழா முடிந்து, கரகத்தை ஆற்றில் இறக்கும் வரை, ஒவ்வொரு மாலையும் கோயிலுக்கு வந்து வாய் திறக்க வேண்டும். பூசாரி நாக்கில் ஒரு சிட்டிகைத் திருநீறு போடுவார். சத்தியம் பொய்யானால் ஆத்தா அதை அந்த வாயிலேயே காட்டுவாள் என்பது நம்பிக்கை. காட்டிவிட்டால் அந்தக் குடும்பத்துக்குப் பீலித் தண்ணீர் இல்லை, அடுப்புக்கு நெருப்பு இல்லை, சாவு விழுந்தால் தூக்க ஆளும் இல்லை. தோட்டத்தில் குடியிருந்துகொண்டே தோட்டத்தில் இல்லாதவர்கள் ஆகிவிட வேண்டியதுதான்.

காளியாயி அணைத்தாள். "கமிட்டிக்காரங்க பேர நான் யாருகிட்டயும் சொல்லல. சொல்லியிருந்தா ஆத்தா கேக்கட்டும்" என்றாள். குரல் நடுங்கவில்லை. சொன்னது உண்மை. உள்ளங்கை கரிந்த வாசனை வந்தது. கூட்டத்தில் பாதிப் பேர் அப்போதே நம்பிவிட்டார்கள்.

கோயில் படியைவிட்டு இறங்கும்போதுதான் அவளுக்கு அது உறைத்தது. உதடு அப்போது தட்டையாக இருந்தது. ஆனால் அது வரும். நான்கு ஆண்டுகளாக ஒரு தடவையும் வராமல் விட்டதில்லை. கரகம் இறங்குமுன் வந்துவிட்டால், சத்தியத்துக்கு முன்பே இருந்த கொப்புளம் என்று யார் நம்புவார்கள்? முன்பே இருந்ததை யாரும் பார்க்காதபடி ஒளித்து வைத்தவள் அவள்தானே.

அவளுக்குள் இன்னொரு பயமும் புகுந்தது. சத்தியம் மெய்தான். ஆனால் இருமல் மருந்து என்று சொன்னது பொய். ஆத்தா அந்தப் பொய்யைக் கணக்கில் எடுப்பாளோ? இதை நினைத்தபடி நடந்தவள், கீழுதடு பல்லுக்குள் இருப்பதை வீட்டு வாசலில்தான் உணர்ந்தாள். பதறி அதை விடுவித்தாள். விட்ட சற்றைக்கெல்லாம் மறுபடியும் கவ்வியிருந்தாள்.

பயந்ததால் கடித்தாள், கடித்ததால் அது வீங்கியது, வீங்கியதால் மேலும் பயந்தாள். சில நாளிலேயே நாக்கு நுனிக்கு அந்தப் பழைய வழவழப்புத் தட்டுப்பட்டது.

ஒவ்வொரு மாலையும் பூசாரி அழகன் திருநீற்றுத் தட்டோடு நிற்பார். காளியாயி நாக்கை நீட்டுவாள், கீழுதட்டை உள்பக்கமாக மடக்கிப் பல்லோடு ஒட்டிக்கொள்வாள். ராசம்மா எதிரில் நின்று அவள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

மலையிலும் நிம்மதி இல்லை. கொழுந்து நிறுக்கும்போது கங்காணி பழனியாண்டி ஒரு நாள் விளையாட்டாகக் கேட்டார்:

"என்னா காளியாயி, வாயில வெத்தலையா வைரமா? தொறக்கவே மாட்டேங்கிறே?"

பின்னால் நின்ற ராசம்மா பதில் சொன்னாள். "தொறக்க வேண்டிய எடத்துல தொறந்து முடிச்சாச்சுல்ல கங்காணி. இனி மூடித்தானே வச்சுக்கணும்."

யாரும் சிரிக்கவில்லை. காளியாயி கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். உதட்டில் பல் இறங்கியிருந்தது.

திருவிழா முடியப் போகும் நேரத்தில், அது முன்னெப்போதும் இல்லாத அளவுக்குப் பருத்துவிட்டது. பேசினால் உதடு ஒரு பக்கமாகப் புடைத்தது. வீட்டில் யாரும் இல்லாத ஒரு பகலில், தையல் ஊசியை விளக்குச் சுடரில் காட்டி, கைக்கண்ணாடியைப் பிடித்துக் குத்தினாள். நீர் வடிந்தது, உதடு தட்டையாயிற்று. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. அன்று மாலை பயமில்லாமல் நாக்கை நீட்டினாள். மறுநாள் விடியலில் அதே இடம் சிவந்து, கன்றி, கோவைப்பழம்போலத் திரண்டிருந்தது.

சோலைமலை அன்றைக்குத்தான் கண்டுபிடித்தார். காரமான சம்பல் உதட்டில் பட்டதும் அவள் முகத்தைச் சுளித்தாள்.

"வாயில என்னா புள்ள?"

"ஒண்ணுமில்ல."

"காட்டு."

காட்டினாள். அவர் கையிலிருந்த ரொட்டித் துண்டு தட்டில் விழுந்தது.

"எப்ப வந்துச்சு?"

"நாலு வருசமா வருது, போகுது."

"நாலு வருசமா எங்கிட்டச் சொல்லாம இருந்துட்டு, சத்தியம் பண்ணதுக்கப்புறமாச் சொல்றியா?"

"அன்னிக்கி டொக்டர் ஐயாகிட்டப் போனதே இதுக்குத்தாங்க."

அவர் எழுந்து போய் வாசற்படியில் முதுகு காட்டி உட்கார்ந்தார். காளியாயி அந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது திரும்ப வெகுநேரம் பிடித்தது.

"நான் நம்புறேன்" என்றார் கடைசியில். "லயம் நம்புமா?"

புருஷனுக்கே அவ்வளவு நேரம் பிடித்ததென்றால், லயத்துக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும்? கோயிலுக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்துவிடலாமா என்று காளியாயி யோசித்தாள். வராதவள் குற்றவாளி என்று ஆகிவிடும். டொக்டர் ஐயாவைச் சாட்சிக்குக் கூப்பிட்டால் சொன்ன பொய் வெளிப்படும்; நோய் என்ற சொல் லயமெல்லாம் பரவும்; மீனம்மாவின் சம்பந்தம் நிற்காது. எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்த உதடு முன்னால் வந்து நின்றது.

கரகம் இறங்கும் நாள் வந்தது. பிற்பகலில் தப்பு முழங்க, பேக்டரிக்குக் கீழே உள்ள ஆற்றுக்குக் கரகத்தை எடுத்துச் சென்றார்கள். மலையிலிருந்து பனிமூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது. மேற்கணக்கு முழுவதும் ஆற்றோரம் நின்றது. கரகத்தை இறக்குமுன் பூசாரி, "காளியாயி, வாம்மா" என்றார்.

அவள் முன்னால் வந்தாள். நாக்கை நீட்டினாள். திருநீறு நாக்கிலிருந்து சிதறி உதட்டில் பட்டது. ஊசி குத்திய இடம் நெருப்பாய் எரிந்தது. தன்னையறியாமல் பல்லைக் கடித்தாள். கொப்புளம் உடைந்து, வாயோரத்தில் இரத்தம் கோடாக வழிந்தது.

"நில்லுங்க பூசாரி!" ராசம்மாவின் குரல் தப்புச் சத்தத்துக்கு மேலே எழுந்தது. "அந்தா ரத்தம்! வாயத் தொறந்து காட்டச் சொல்லுங்க!"

தப்பு நின்றது. காளியாயி ஒரு கணம் ஆற்றைப் பார்த்தாள். பிறகு விரலால் கீழுதட்டைப் பற்றி முழுவதும் வெளியே புரட்டினாள். ஒரு பக்கம் மட்டும் அல்ல; எல்லாரும் பார்க்கும்படி மெல்லச் சுற்றித் திரும்பினாள். பிள்ளைகளை இழுத்துக்கொண்டு சிலர் பின்வாங்கினார்கள்.

"நல்லாப் பாத்துக்குங்க" என்றாள். "இது சத்தியத்துக்கப்புறம் வந்ததில்ல. கான்ல விழுந்த வருசத்துலருந்து இருக்கு. லொறியில ஏத்திருவாங்கன்னு மறைச்சேன். அன்னிக்கி மீனாவுக்கு இருமலும் இல்ல, ஒண்ணும் இல்ல. இதக் காட்டத்தான் டொக்டர் ஐயாகிட்டப் போனேன். அது ஒண்ணுதான் நான் சொன்ன பொய்யி."

"மாட்டிக்கிட்டதும் கத கட்டுறா!" என்றாள் ராசம்மா. "இத்தன வருசமா பக்கத்து நெரையில நிக்கிற எனக்குத் தெரியாத புண்ணா?"

பழனியாண்டி கங்காணி போய்ப் பத்திநாதனை அழைத்து வந்தார். அவர் கூட்டத்துக்கு வெளியிலேயே சப்பாத்தைக் கழற்றிவிட்டு வந்து நின்றார். கேட்டதற்குச் சுருக்கமாகப் பதில் சொன்னார்.

"கமிட்டி கூடுனதாச் சொல்றீங்களே, அன்னிக்கிச் சாயந்தரம் இவ எங்கிட்ட வந்தா. பழைய கொப்புளம், ஒடஞ்சிருந்துச்சு. ஊதா மருந்து தொட்டு வச்சேன். இது யாருக்கும் தொத்தாது."

"ஐயா சூடம் அணைப்பீங்களா?" என்று கூட்டத்திலிருந்து ஒருவர் கேட்டார்.

"எங்க வழக்கத்துல அது இல்லப்பா. பொய் சொல்ற வழக்கமும் எனக்கில்ல."

"டொக்டர் ஐயா ஆபீஸ் ஆளு. தொர பக்கந்தான் பேசுவாரு" என்றது இன்னொரு குரல். ஆமோதிக்கும் முணுமுணுப்பு எழுந்தது. பூசாரி தலை குனிந்து நின்றார். சோலைமலை கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து மனைவியின் பக்கத்தில் நின்றார். அவரால் வேறு என்ன செய்ய முடியும்?

பிறகுதான் கூட்டம் ராசம்மாவைப் பார்த்தது. தீர்ப்புக்கு அவள் சொல்ல வேண்டியது ஒரு சொல்தான். அவளுடைய கை தன் முந்தானையைப் பிடித்துத் திருகிக்கொண்டிருந்தது.

"என்னா மருந்துன்னீங்க?" என்று டிஸ்பென்சரைக் கேட்டாள்.

"ஊதா மருந்து. துணியில பட்டா லேசுல போகாது."

ராசம்மா கரகத்தைப் பார்த்தாள். வேப்பிலை சுற்றிய அந்தக் கும்பத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல் நின்றாள்.

"கறை இருந்துச்சு" என்றாள். குரல் அவளுடையதாகவே இல்லை. "மறுநாள் வெள்ளன பீலியில நாந்தான் பாத்தேன். ஊதாப்பூன்னு கேலி பண்ணேன். எங்க வீட்டாளுக்குச் சீட்டுக் குடுக்க முந்தியே இருந்துச்சு. ஆத்தா முன்னுக்கு நின்னுக்கிட்டு இல்லேன்னு சொல்லமாட்டேன்."

அன்று பீலியில் சிரித்த பெண்களில் இரண்டொருவர், "ஆமா, இருந்துச்சு" என்றார்கள். பூசாரி நிமிர்ந்து, "சத்தியம் நின்னுருச்சு" என்றார். தப்பு மறுபடியும் முழங்கியது. கரகம் ஆற்றில் இறங்கியது. ராசம்மா அதைப் பார்க்க நிற்கவில்லை. தனியாக மேட்டில் ஏறிப் போய்விட்டாள்.

சித்திரை வருஷப் பிறப்புக் கழிந்து, காளியாயி புருஷனோடு வட்டகொடையில் ரயிலேறி நானுஓயாவில் இறங்கி, நுவரெலியா ஆஸ்பத்திரிக்குப் போனாள். கொப்புளத்தையும் அதன் அடியில் இருந்த சின்ன முடிச்சையும் எடுத்துத் தையல் போட்டார்கள். உடைந்த பல்லின் கூர்முனையை அராவி மழுக்கினார்கள். டொக்டர் ஐயா சொன்னதுபோல அரை மணி நேர வேலைதான். மீனம்மாவின் சம்பந்தம் முறியவில்லை. அந்த ஆவணியிலேயே கல்யாணம் நடந்தது.

இராமையாவின் பத்துச்சீட்டு மாறவில்லை. சங்கம் பேசிப் பார்த்தது. துரை இறங்கி வரவில்லை. ஆனி மாதத்தில் அவர்கள் இராமையாவின் தம்பி இருந்த தோட்டத்துக்குப் போக லொறியில் சாமான்களை ஏற்றினார்கள். காளியாயி தன் வாசலில் நின்றாள். போவதா, நிற்பதா என்று தெரியாமல் நின்றாள். லொறியில் ஏறி உட்கார்ந்த ராசம்மா அவள் பக்கம் பார்த்தாள்.

"ஒதடு ஆறிருச்சா?"

"ஆறிருச்சுக்கா."

ராசம்மா தலையை ஆட்டினாள். லொறி புறப்படும்போது மறுபடியும் கேட்டாள்.

"அப்பறம் யாருடி சொன்னது?"

காளியாயியின் பல் பழைய இடத்தைத் தேடிக் கீழே இறங்கியது. அங்கே பிடிப்பதற்கு ஒன்றும் இல்லை.

யார் சொன்னது என்பது பின்னாளிலும் உறுதிப்படவில்லை. ஆகவே இங்கே ஒரு பெயரும் எழுதப்படவில்லை.

அதே லயத்தில், அதே காம்பராவில், காளியாயி 1965 வரை இருந்தாள். கொப்புளம் திரும்பவில்லை. ஒன்பது ஆண்டுகள்.